ஸ்கேஃபோல்டுக்குத் தமிழ்ச்சொல்: சாரமா, சட்டகமா?

ஐயா, வணக்கம். தீக்காயச் சிகிச்சைக் கையேட்டில், புண்ணில் பதித்தால் செல்கள் உள்ளே வளர இடங்கொடுக்கும் துளைப்பொருளான ஸ்கேஃபோல்டுக்குத் 'திசுச்சாரம்' என்று போட்டிருக்கிறேன். கட்டடத்துக்குக் கட்டும் சாரம்தான் அடிப்படை. சில பக்கங்களில் 'செயற்கைத் தோல்' என்றும் வருகிறது. இரண்டும் இருக்கலாமா?

—

> திசுச்சாரம்

வேண்டாம் தம்பி. மருத்துவத்தில் சாரம் என்றாலே பிழிந்தெடுத்த சத்து. திசுவைப் பிழிந்த சாறு என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'சாரக்கட்டு' என்றால் வார்டில் அதுவும் ஒரு புண்கட்டு ஆகிவிடும். துளைகளைக் குறிக்கப் 'புரைச்சட்டகம்' என்று ஒருவர் முன்பு சொன்னார். புரையோடிய புண்ணைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லை ஏற்க மாட்டார்கள்.

செய்முறையிலிருந்து பெயரை எடுப்போம். மாட்டுத் தசைநாணின் கொலாஜன் புரதத்தை 0.5 சதவீத அளவில் 0.05 மோலார் அசிட்டிக் அமிலத்தில் கூழாக்கி, சுறாக் குருத்தெலும்பின் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் என்ற சர்க்கரைப் பொருளைச் சேர்க்கிறோம். உறைய வைத்து, வெற்றிடத்தில் பனியை ஆவியாக்கினால் பனிப்படிகம் இருந்த இடமெல்லாம் துளை. எஞ்சுவது இழைகளின் பின்னல். வேகமாக உறைந்தால் படிகம் சிறுக்கும், துளையும் சிறுக்கும். இதை உருவாக்கியவர்களில் ஒருவரான யானஸின் குழு செய்த சோதனைகளில் 20 முதல் 125 மைக்ரோமீட்டர் துளைகளே நன்றாக வேலை செய்தன. அதற்குக் கீழே போனால் செல்கள் நுழையத் திணறும். மிகப் பெரிதானால் அவை பற்றிக்கொள்ளும் பரப்பு குறையும்.

அடுத்தது குறுக்குப்பிணைப்பு, அதாவது இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது: வெற்றிடத்தில் 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம், பிறகு பிணைக்கும் வேதிப்பொருளான குளூட்டரால்டிஹைடு. இது போதாவிட்டால் புண்ணிலுள்ள கொலாஜினேஸ் என்ற நொதி சட்டகத்தைச் சில நாளிலேயே தின்று தீர்த்துவிடும். மிஞ்சினால் சட்டகம் கரையாது. உடல் அதை அந்நியப் பொருளாகச் சுற்றி வளைத்துவிடும். கழுவல் சரியில்லை என்றால் மிச்ச குளூட்டரால்டிஹைடே செல்களைக் கொல்லும்.

ஆகவே 'இழைச்சட்டகம்' என்பது என் முன்மொழிவு. திசுவை இழையம் என்று படித்த இலங்கை நண்பர்களுக்கும் பொருந்தும்.

—

அறுவைப் பக்கத்திலிருந்து இரண்டு வரி. இழைச்சட்டகம் சரி, ஆனால் முன்னால் 'கரையும்' சேருங்கள். உண்மையில் நொதிதான் அரிக்கிறது, உப்பைப் போலக் கரைவதில்லை. இருந்தும் 'கரையும் தையல்' எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. 'உயிரிச்சிதைவுறு' என்றால் நர்ஸ்கூடச் சொல்ல மாட்டார்.

'செயற்கைத் தோலை' மட்டும் எடுத்துவிடுங்கள். 1981-இல் அறுவை மருத்துவர் பர்க்கும் யானஸும் தங்கள் கட்டுரையில் அப்படித்தான் அழைத்தார்கள், தெரியும். ஆனால் 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்டெக்ரா என்ற இவ்வகைத் தயாரிப்பிலும் மேல்தோல் கிடையாது. மேலே இருப்பது சிலிகோன் படலம் மட்டுமே. வெந்து மடிந்த திசு முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் அதைப் பதிக்க வேண்டும். அடியில் இரத்தமோ நீரோ தேங்கினால் அந்த இடம் பிடிக்காது, சீழும் வைக்கும். இரண்டு மூன்று வாரத்தில் நாளங்கள் ஊடுருவி, சிவப்பு மாறி இளமஞ்சள் தட்டிய பிறகே சிலிகோனை உரித்து, நோயாளியின் சொந்தத் தோலிலிருந்து 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் கனத்தில் சீவி ஒட்டுகிறோம். 'செயற்கைத் தோல்' என்று படித்த குடும்பத்தார், தோல் வைத்தாயிற்றே, இன்னொரு ஆபரேஷன் எதற்கு என்று கேட்பார்கள்.

—

மாற்றிவிட்டேன் ஐயா. பதிவு இப்படி: 'கரையும் அடித்தோல் இழைச்சட்டகம்: செல்களும் நாளங்களும் உட்புகுந்து அடித்தோல் உருவாக இடங்கொடுத்து, பின் அழியும் நுண்துளைப் பொருள். மேல்தோல் தனியே ஒட்டப்படும்.' ஒப்புதல் படிவத்திலும் இதே கடைசி வாக்கியம்.