ஷார்ஜா முதல் கோட்டைவாசல் வரை: கேட்டு எடுத்த படங்கள்

செங்கோட்டை ஸ்டுடியோக்காரர்:

செங்கோட்டை, கடையநல்லூர், புனலூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு கிடையாது. திரும்பி வரும் பெட்டியில் கோடாலித் தைலம், டேங் பொடியோடு ஒரு கேமராவும் இருக்கும். அது தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு தடவை வெளியே வரும், அப்புறம் பீரோவுக்குள் போய்விடும். எனக்குத் தொழிலே அதுதான் என்பதால் என் கேமரா மட்டும் வெளியிலேயே கிடக்கிறது. மாடல் நம்பர், விலை எல்லாம் இந்தக் குழுவில் நாம் பேசாததில்லை. அந்த லென்ஸுக்கு முன்னால் வந்து நின்ற ஆட்களைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. நான் ஆரம்பிக்கிறேன், உங்களிடம் இருப்பதையும் சேருங்கள்.

ஷார்ஜாவில், முன்பு பெரிய ஆலமரம் நின்ற ரோலா சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். விசாவுக்கு, ஐடி கார்டுக்கு என்று வெள்ளைத் திரையில் தலை தலையாக எடுப்பதுதான் பிழைப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் கதை வேறு. அப்போது வார லீவு வெள்ளிதான்; அமீரகம் சனி, ஞாயிறுக்கு மாறியது 2022 ஜனவரியில். தொழிலாளர் கேம்ப்களிலிருந்து ஆட்கள் ரோலாவில் வந்து இறங்குவார்கள். ஊருக்கு அனுப்ப முழு உருவப் படம் கேட்பார்கள். அதற்கென்று சுவரில் சுருட்டி வைத்த திரைகள் இருந்தன: பனிமலை, புர்ஜ் கலீஃபா, நயாகரா.

சாரம் கட்டும் வேலையில் இருந்த கடையநல்லூர்க்காரர் ஒருவரை நயாகராவுக்கு முன்னால் நிறுத்தினேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "என்ன அண்ணாச்சி, இவ்வளவு தண்ணி விழுது, ஒருத்தனும் குளிக்கக் காணோமே!" குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் இல்லாத அருவி எப்படி அருவியாகும்? திரையைச் சுருட்டச் சொல்லிவிட்டு வெறும் சுவர் முன்னால் நின்றார். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், இடுப்பு பெல்ட்டின் கொக்கியை முன்பக்கம் தெரியும்படி இழுத்துவிட்டார். உயரத்தில் வேலை என்று அம்மா பயப்படுகிறாளாம், எதில் கட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். கொக்கி படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தார்.

அவர் அறைக்கும் ஒரு தடவை போயிருக்கிறேன். அடுக்குக் கட்டில் போட்ட அறை, நடுவில் ஒரு ஆள் நடக்க வழி. என்னிடம் அப்போது கெனான் 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிதாகத் திறக்கும். மலிவு, வெளிச்சத்தை அள்ளும். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் எஃப்5.6 இல் நிற்கும் இடத்தில் இது சுமார் பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். ஆனால் என் கேமராவின் சின்ன சென்சாரில் பார்வை குறுகிவிடும்; 1.6 ஆல் பெருக்கினால் 80 எம்எம் லென்ஸ் மாதிரி ஆகிவிடுகிறது. முதுகு சுவரில் முட்டியும் ஒருவருடைய மார்புக்கு மேலேதான் ஃபிரேமில் வந்தது. அதற்குப் பிறகு, அகலமாகப் பார்க்கும் 24 எம்எம் வாங்கினேன். அகல லென்ஸில் ஒரு சங்கடம், ஆளுக்குப் பக்கத்தில் போயே தீர வேண்டும். பேசாமல் பக்கத்தில் போனால் அடி விழும். என் வேலையைத் திருத்தியது இந்தச் சங்கடம்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த அறையின் டியூப்லைட் பற்றியும் சொல்ல வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 தடவை மின்னும். ஷட்டரை வேகமாக வைத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். 1/50, 1/100 வினாடி இரண்டில் ஒன்றில் வைத்துவிட்டால் தொல்லை இல்லை. நம் ஊர் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான், கல்யாண மண்டபத்திலும் இதே கணக்கு செல்லும்.

அமீரகத்தில் ஒருவரைக் கேட்காமல் படமெடுப்பது சட்டப்படியே குற்றம். 2021 இல் வந்த சைபர் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. அரசுக் கட்டடம், விமான நிலையம், ராணுவ இடம் பக்கமெல்லாம் கேமராவைத் திருப்பவே கூடாது. பயத்தில்தான் கேட்கத் தொடங்கினேன், அதை மறைக்க என்ன இருக்கிறது? துபாய் க்ரீக்கில் ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா படகில் அக்கரைக்குப் போவோம். ஒரு படகுக்காரரிடம் கையைக் காட்டி "எடுக்கட்டுமா" என்று கேட்டேன். பொறு என்றார். பயணிகளை இறக்கிவிட்டு, என்ஜின் மூடியைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போ எடு" என்றார். நான் எடுக்க நினைத்தது மாலை வெயிலில் அவர் முகம். அவருக்கு வேண்டியது அவரே பிரித்து மாட்டிய என்ஜின். இன்றைக்கும் அந்த என்ஜின் படம்தான் என் சுவரில் இருக்கிறது.

ஆகஸ்ட் மாதம் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்த நொடியில் லென்ஸ் முழுக்க வெள்ளையாகிவிடும். கடலோரக் காற்றில் அவ்வளவு ஈரம். குளிர்ந்த கண்ணாடி மேல் அது அப்படியே படிந்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். ஜிப் கவருக்குள் கேமராவை வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு, வெளிச்சூடு ஏறும்வரை விட்டுவிட வேண்டும். அந்த அரைமணி நேரத்துக்கு டீக்கடைதான் கதி. எனக்குத் தெரிந்த மலையாளிகளில் பாதிப்பேர் அந்தச் சுலைமானி (பாலில்லாத டீ) கிளாஸை வைத்துத்தான் பழக்கமானார்கள்.

ஊருக்கு வந்தபிறகு கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, கழுதுருட்டி என்று சுற்றினேன். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று அந்தப் பக்கம்தான் இருந்தது என்பதால் எங்களுக்கு அது வெளியூர் மாதிரியே தோன்றாது. கழுதுருட்டியில் நெடுஞ்சாலை ஓரமாகப் பதிமூணு கண் பாலம். 1904 இல் ரயில் வந்த பாதை. 2010 இல் மீட்டர்கேஜ் நின்று, 2018 இல் அகலப்பாதையில் ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு பாலத்துக்குக் கீழே எப்போதும் ஒரு கேமரா கூட்டம். அங்கே சாயாக்கடை சேச்சியிடம் படத்துக்கு அனுமதி கேட்டேன். வேண்டாம் என்றார். காரணம் கேட்டால், "எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க. ஒரு காப்பி இந்தக் கடைக்கு வந்திட்டுண்டோ?" நியாயம்தானே. இப்போது சின்ன இன்ஸ்டாக்ஸ் பிரிண்டர் ஒன்று பையில் இருக்கிறது. ஏடிஎம் கார்டு அளவு பிரிண்ட், அங்கேயே கையில் கொடுத்துவிடலாம். பேப்பர் விலை கொஞ்சம் கடிக்கும். சேச்சி அதன்பிறகும் தன்னை எடுக்க விடவில்லை, பேரனை எடுக்கச் சொன்னார். பிரிண்ட் பலகாரக் கண்ணாடி அலமாரியில் ஒட்டியிருக்கிறது.

கம்பம் அக்கா:

அண்ணாச்சி, எனக்கு உங்கள் மாதிரி தொழிலெல்லாம் இல்லை. மஸ்கட்டில் வீட்டுக்காரர் வேலை, நான் போனும் ஒரு சின்ன ஃபியூஜி கேமராவும் வைத்துக்கொண்டு மத்ரா கடைவீதியில் சுற்றியவள். பெண் பிள்ளை கையில் கேமரா இருந்தால் சில கதவு திறக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வெள்ளி நகைக் கடையில் ஓர் ஓமானி பாட்டி, முகத்தை எடுக்கக் கூடாது, கையை எடுத்துக்கொள் என்றார். காப்பைத் திருகித் திருகி வேலைப்பாடு தெரிகிற பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். நானாகப் பத்து நிமிஷம் யோசித்திருந்தாலும் அப்படி ஒரு படத்தை அமைத்திருக்க மாட்டேன்.

ஊரில் நடந்தது இதற்கு நேர்மாறு. கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களைப் படமெடுக்க ஆசைப்பட்டேன். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, தூக்குவாளி. எடுப்பவருக்கு ஆசை வரத்தான் செய்யும். அவர்களில் ஒரு மதினி கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "கூலிக்குப் போற கோலத்தை என் மருமகன் வீட்ல பாக்கணுமா? ஞாயித்துக்கிழமை வா, பட்டுச்சேலை கட்டிட்டு நிக்கேன்." போனேன். பட்டுச்சேலையில் எடுத்துக் கொடுத்தேன். ஜீப் படம் என்னிடம் இல்லை. அதைப் பலர் எடுத்துப் பரிசுகூட வாங்கியிருப்பார்கள், எனக்கு வருத்தமில்லை. உழைப்பவர்களின் கஷ்டத்தை அழகாக எடுத்துப் பாராட்டு வாங்குவதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு.

பழவேற்காடு ஆள்:

எல்லாரும் கிட்டப் போகச் சொல்கிறீர்கள். நான் தூரத்துக் கட்சி. துபாயில் டிரைவர் வேலையில் இருந்தபோது லீவு நாளில் ராஸ் அல் கோர் சரணாலயத்தில் பறவை பார்க்கும் மறைவிடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். பின்னால் பெரிய கட்டடங்கள், முன்னால் பூநாரைக் கூட்டம். அங்கேதான் தூரத்தை இழுத்துக் காட்டும் 150-600 எம்எம் லென்ஸ் பழகினேன். அதே பூநாரை பனிக்காலத்தில் நம் பழவேற்காடு ஏரிக்கும் வருகிறது. இங்கே மறைவிடம் கிடையாது. அகல லென்ஸைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்குகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். கூட்டம் எழும்பிப் பறக்கிற படம் அவனுக்குக் கிடைக்கும், மேய்ச்சல் கெடுவது பறவைக்கு. பறவையிடம் அனுமதி கேட்க முடியாது. தூரமாக நிற்பதுதான் அங்கே கேட்பதற்குச் சமம்.

ஆந்திரப் பக்கம் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியை வெட்டிப் போகிற சாலையில் நல்ல படங்கள் கிடைக்கும். ஆனால் ராக்கெட் தளத்துக்குப் போகும் வழி அது, நீள லென்ஸைப் பார்த்தால் காவலர்கள் விசாரிக்கத்தான் செய்வார்கள். தெலுங்கில் நாலு வார்த்தை தெரிந்திருப்பது நல்லது.

ஒருநாள் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர், "அதுல என்னதான் தெரியுது?" என்றார். ஸ்டாண்டில் மாட்டியிருந்ததைத் திருப்பிக் கொடுத்தேன். பறவையை அவர் பார்க்கவே இல்லை. கொஞ்சம் தள்ளி மிதந்த கட்டைகளைப் பார்த்துவிட்டு, "அது நம்ம வலை இல்ல, அந்தப் பக்கத்து ஆளுங்க வலை. இம்புட்டுத் தூரம் வந்திருக்கானுங்க" என்று எழுந்து, மற்ற ஆட்களைக் கூப்பிடப் போய்விட்டார். ஏரியில் எல்லைத் தகராறு பழையது என்பது தெரியும். என் லென்ஸ் அதில் சாட்சி ஆகும் என்று நினைக்கவில்லை.

களியக்காவிளைத் தம்பி:

அண்ணே, அடுத்த மாசம் தோஹா போறேன். 18-55 கிட் லென்ஸ் இருக்கு. கூட 50 வாங்கவா, 55-250 வாங்கவா? அப்புறம், வீட்டில் இருக்கிற பழைய லென்ஸில் சிலந்தி நூல் மாதிரி ஏதோ படர்ந்திருக்கு.

செங்கோட்டை ஸ்டுடியோக்காரர்:

தம்பி, பழவேற்காட்டுக்காரர் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன், பறவைக்கு அவர் வழிதான் சரி. நீ அறையில் இருக்கும் ஆட்களை எடுக்கப் போகிறாய் என்றால் இரண்டும் வேண்டாம். 24 இல் ஒரு மெல்லிய லென்ஸ் வாங்கு, சட்டைப்பையில் போடலாம். விலை கூடிய லென்ஸ் ஏதாவது இங்கிருந்து கொண்டுபோனால், போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள், திரும்பி வரும்போது வரிப் பேச்சு வராது.

பழைய லென்ஸில் இருப்பது பூஞ்சை. மலையை ஒட்டிய நம் ஊர்களில் சாரல் காலத்தில் பீரோவில் பூட்டி வைத்தால் வரத்தான் செய்யும். விட்டுவைத்தால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். நீயாகத் திறக்காதே, பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடு. அரிசி டப்பாவில் வைக்கச் சொல்லும் பெரியவர்கள் உண்டு, கேட்காதே, மாவுத்தூள் உள்ளே போகும். ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா, ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவு போதும். முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கித் திரும்பப் போடு. அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ, மாதம் ஒருமுறை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.