கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன: பணம் கட்டலாமா?

கேள்வி: கணக்கர்
நேற்றுக் காலை எங்கள் அலுவலகக் கணினியைத் திறந்தபோது டேலி தரவுகளும் எக்செல் கோப்புகளும் பெயர் மாறியிருந்தன, ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் பிட்காயினில் பணம் கேட்கும் குறிப்பு ஒன்று இருந்தது. காப்பு நகல் வைத்திருந்த ஹார்டு டிஸ்க் எப்போதும் கணினியிலேயே செருகியிருந்ததால் அதுவும் போயிற்று. முதல் நாள் மாலை ஊழியர் ஒருவர் கிராக் செய்யப்பட்ட, அதாவது உரிமப் பூட்டு உடைக்கப்பட்ட, பிடிஎஃப் மென்பொருளை நிறுவினாராம். பணத்தைக் கட்டிவிடலாமா?

பதில்: வலைக்காவலன்
கட்டாதீர்கள். இது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் 'ரேன்சம்வேர்' என்ற தீய நிரல். பணம் பெற்ற பிறகு பூட்டைத் திறக்கும் திறவுகோலைத் தருவார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. முதலில் இணையக் கேபிளைப் பிடுங்கி, மற்றக் கணினிகளையும் பிரித்து வையுங்கள். அவசரப்பட்டு ஃபார்மட் செய்ய வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் முகமையான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களுடன் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில், பூட்டப்பட்ட கோப்பு ஒன்றை வேறு கணினியிலிருந்து ஏற்றினால், அதைப் பூட்டியது எந்த வகை ரேன்சம்வேர் என்றும், திறக்கும் கருவி உண்டா என்றும் தெரியவரும். இன்று கருவி இல்லாவிட்டாலும் டிஸ்க்கைப் பத்திரப்படுத்துங்கள். திறவுகோல்கள் பின்னாளில் வெளிவந்ததுண்டு. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகாரும் அளியுங்கள்.

பதில்: பழைய நிர்வாகி
கிராக் மென்பொருள் ஒரு வாசல்தான். அதை நிறுவுவதற்காக வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும்போதே நாம் எச்சரிக்கை அடைய வேண்டும். இன்னொரு வாசல், புதுப்பிக்கப்படாத விண்டோஸ். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாகிரை என்ற ரேன்சம்வேர், சுமார் 150 நாடுகளைத் தாக்கி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகளைக்கூட ஒத்திவைக்கச் செய்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது. மூன்றாவது வாசல், வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக இணையத்தில் திறந்துவிடப்படும் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதி; அது உங்கள் அலுவலகத்தில் இருந்தால் உடனே மூடுங்கள்.

பதில்: தணிக்கைத் தோழி
தாக்கல் செய்த ஜிஎஸ்டி, வருமான வரிப் படிவங்களை அந்தந்தத் தளங்களிலிருந்து மீண்டும் இறக்கலாம். வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிய இருப்புநிலைக் குறிப்புகளையும் தேடுங்கள். இனி இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, நகல் எடுத்தவுடன் கழற்றி, ஒன்றை வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள்.

கணக்கர்
மூவருக்கும் நன்றி. கணினிகளைப் பிரித்துவிட்டோம், புகாரும் அளித்துவிட்டோம். அனுப்பிய மின்னஞ்சல்களில் கடந்த ஆண்டின் இருப்புநிலைக் குறிப்புகள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. இந்த ஆண்டின் பதிவுகளை வவுச்சர்களைப் பார்த்து மீண்டும் உள்ளிடத் தொடங்கியிருக்கிறோம்.