பக்கத்து வீட்டுப் பையன் இரண்டாண்டு ஊழியத்துக்கு ஜப்பான் செல்கிறான்: அவனுடைய ஒரு நாள் எப்படி இருக்கும்?

கேள்வி: கயல்

வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லீஹை நகரில் வசிக்கிறோம். எங்கள் தெருவில் உள்ள பெரும்பாலான குடும்பங்கள், வெளியார் மார்மன் என்று அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவை. பக்கத்து வீட்டுப் பையன் என் மகனோடு ஒரே பள்ளியில் படித்தவன். பள்ளி விட்டதும் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பான். அவனுக்கு இப்போது சபையிடமிருந்து ஊழிய அழைப்பு, அதாவது சபையின் போதனையைப் பரப்பும் பணிக்கான அழைப்பு, வந்திருக்கிறது. உறவினர்கள் கூடியிருக்க, திரையில் வந்த கடிதத்தை அவன் உரக்கப் படித்தான். இரண்டு ஆண்டுகள், ஜப்பானின் சப்போரோ, ஜப்பானிய மொழியில் பணி. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அவனுடைய தாய் சிரித்துக்கொண்டே அழுதார்.

எங்களுக்கு அந்தச் சபையின் நம்பிக்கைகளில் பங்கில்லை. ஆயினும் அந்தப் பையன் மீது எங்களுக்கு உண்மையான அக்கறை உண்டு. தன் துணியைத் தானே துவைத்துப் பழகாத 18 வயதுப் பிள்ளை, மொழி தெரியாத ஊரில் காலை முதல் இரவு வரை என்ன செய்வான், எது அவனுக்கு மிகக் கடினமாக இருக்கும் என்று அறிய விரும்புகிறேன். மதத்தைப் பற்றிய வாதம் வேண்டாம். அருகிருந்து பார்த்தவர்களும், இயன்றால் அனுபவித்தவர்களும் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: தென்றல்

நான் பல ஆண்டுகளாக யூட்டாவிலேயே உள்ள ப்ரோவோ நகரில் பணிபுரிகிறேன். என்னுடன் வேலை செய்யும் ஆண்களில் பெரும்பாலோர் இந்த ஊழியத்தை முடித்தவர்கள் என்பதால், அவர்களுடைய கதைகளை மதிய உணவு வேளைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்கிறேன். ஆண்கள் 24 மாதங்களும் பெண்கள் 18 மாதங்களும் பணிபுரிகிறார்கள். எங்கே போவது என்பதை இவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. சால்ட் லேக் சிட்டியில் உள்ள தலைமைதான் இடத்தை ஒதுக்குகிறது. 2012-இல் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது 19-இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-இலிருந்து 19 ஆகவும் குறைக்கப்பட்டபோது, பள்ளிப்படிப்பை முடித்த கையோடு புறப்படுவது வழக்கமாகிவிட்டது. கல்லூரி விடுதியில் ஓராண்டாவது தனியே வாழ்ந்து பார்த்துவிட்டுப் போகும் வாய்ப்பு இதனால் பலருக்குப் போய்விட்டது என்பது என் கருத்து. உங்கள் பக்கத்து வீட்டுப் பையனும் அப்படித்தான் போகிறான் என்று தெரிகிறது.

இது சம்பளம் இல்லாத பணி. சம்பளம் இல்லை என்பது மட்டுமல்ல, ஊழியக்காரரோ அவருடைய குடும்பமோதான் செலவை ஏற்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து செல்பவர்கள் மாதம் 400 டாலர் செலுத்தி வந்தார்கள். 2020 ஜூலை முதல் அது 500 டாலர். ஜப்பானுக்குப் போனாலும் மலிவான நாட்டுக்குப் போனாலும் அதே தொகைதான். எல்லாம் பொது நிதியில் சேர்ந்து, அங்கிருந்து வாடகைக்கும் உணவுக்கும் அளந்து கொடுக்கப்படுகிறது. ஆகவே கையில் பணம் அதிகம் புழங்காது.

ஜப்பானிய மொழி என்றால் ஏறத்தாழ ஒன்பது வாரப் பயிற்சி இருக்கும். தொடக்கத்தில் வீட்டிலிருந்தே இணையவழியிலும், பிறகு பயிற்சி மையத்திலும் நடக்கும். ஒரு வார்த்தையும் தெரியாமல் நுழைபவர்கள், மிகச் சில நாட்களிலேயே அந்த மொழியில் தட்டுத்தடுமாறி ஜெபம் செய்யத் தொடங்குவதை என் சகாக்கள் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் களத்தில் இறங்கிய முதல் நாளன்று, பேருந்து நிறுத்தத்தில் ஒரு பாட்டி கேட்ட சாதாரணக் கேள்வி கூடப் புரியாமல் நின்றதையும் அவர்களே சொல்வார்கள்.

அன்றாட ஒழுங்கு பொதுவாக இப்படி அமையும். காலை 6.30-க்கு எழுந்து உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. பின்னர் தனியாக வேத வாசிப்பு, பிறகு உடன் தங்கி ஊழியம் செய்யும் துணையோடு சேர்ந்து வாசிப்பு, மொழிப் படிப்பு. முற்பகலில் வெளியே கிளம்பினால் உணவு இடைவேளைகள் தவிர இரவு ஒன்பது மணிவாக்கில்தான் திரும்புவார்கள். 10.30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். நாட்டின் வழக்கத்துக்கேற்ப நேரத்தைச் சற்று மாற்றிக்கொள்ளும் சலுகை 2017-இல் வந்தது. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, ஆயத்த நாள். துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, ஊரைப் பார்ப்பது எல்லாம் அன்று மாலைக்குள் முடிய வேண்டும். திரைப்படம் இல்லை, தொலைக்காட்சி இல்லை, காதல் இல்லை.

அந்தத் தாய்க்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. முன்பு கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் ஆகிய இரண்டு நாட்களில் மட்டுமே வீட்டுக்குத் தொலைபேச முடியும். மற்றபடி கடிதமும் மின்னஞ்சலும்தான். 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் ஆயத்த நாளில் முகம் பார்த்தே பேசலாம். என் மேலதிகாரி ஒருவர், தம் காலத்தில் இது இருந்திருந்தால் தம் தாய்க்கு இத்தனை நரை விழுந்திருக்காது என்று ஒருமுறை சொன்னார்.

பதில்: சேது

சகோதரி கயல் அவர்களுக்கு, நான் சென்னையைச் சேர்ந்தவன். இந்தச் சபையின் உறுப்பினன். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊழியப் பகுதியில் பணியாற்றினேன். பெரும்பகுதி நாட்கள் ஆந்திராவில் ராஜமுந்திரியிலும் விசாகப்பட்டினத்திலும் கழிந்தன. ஜப்பானும் ராஜமுந்திரியும் ஒன்றல்ல. ஆனால் கருப்புப் பெயர்ப்பட்டையை மாட்டிக்கொண்டு, சொந்தப் பெயரை மறந்து 'எல்டர்' (மூப்பர்) என்று அழைக்கப்படும் வாழ்க்கை எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

எது மிகக் கடினம் என்று கேட்டிருக்கிறீர்கள். மறுப்புகளைத் தாங்குவதுதான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அது கடினம்தான், ஆனால் பழகிவிடும். எனக்கு எளிதில் பழகாமல் இருந்தது துணை. ஊழியக்காரர்கள் எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும் என்பது விதி. குளியலறையைத் தவிர, ஒருவர் மற்றவரின் பார்வைக்கும் குரலுக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும்; அதில் துணை மாறலாம், ஊர் மாறலாம், எதுவும் மாறாமலும் போகலாம். அண்ணன் தம்பி சண்டையில் கூட ஒருவர் மொட்டை மாடிக்குப் போய்விடலாம். இங்கே அந்த வழியும் இல்லை.

ஒரு துணையை மறக்க முடியாது. அவர் என்னைவிட ஓராண்டு மூத்தவர், வேறு மாநிலத்தவர், மிகவும் ஒழுங்கானவர். நான் கழுவி வைத்த பாத்திரத்தை ஒன்றும் சொல்லாமல் எடுத்து மறுபடியும் கழுவுவார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குள் கோபம் மூளும். வாரத் திட்டமிடலின் முடிவில் துணைகள் இருவரும் உட்கார்ந்து, தங்களுக்குள் நன்றாக இருப்பது எது, சரி செய்ய வேண்டியது எது என்று மனம் விட்டுப் பேச வேண்டும் என்பதும் எங்கள் ஒழுங்கில் உண்டு. பெரும்பாலும் இருவரும் 'ஒன்றுமில்லை' என்று சொல்லி முடித்துவிடுவோம். ஒரு வாரம் அவரே தொடங்கினார். சிறு வயதில் அசுத்தமான தண்ணீரால் தம் வீட்டில் ஒரு சாவு நேர்ந்ததாகவும், அதனால்தான் பாத்திரம் விஷயத்தில் தம் கை தானாகப் போவதாகவும் சொன்னார். அதன் பிறகு பாத்திரம் முழுவதையும் அவர் கழுவ, சமையல் முழுவதையும் நான் ஏற்றுக்கொண்டேன். இன்று என் குடும்பத்தாருக்கு அடுத்தபடியாக என்னை அறிந்த மனிதர் அவர்தான்.

இரண்டாவது கடினம் எண்ணிக்கை. இந்த வாரம் எத்தனை பேரிடம் பாடம் நடத்தினீர்கள், ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள், ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தவர்கள் எத்தனை பேர் என்பதையெல்லாம் வாரந்தோறும் தெரிவிக்க வேண்டும். தலைவர்கள் இதை அன்போடு கேட்பதும் உண்டு, விற்பனை இலக்கைப் போலக் கேட்பதும் உண்டு. ஒரு வாரம் எல்லா இடத்திலும் சுழியத்தை எழுதிவிட்டுப் படுக்கும்போது, தேவன் என்னை அனுப்பியது வீண்தானோ என்ற எண்ணம் வரும். அந்தப் பிள்ளை ஜப்பானில் இதை நிச்சயம் சந்திப்பான். அவனிடம் வாராவாரம் பேசுகிறவர்கள் எண்ணிக்கையைக் கேட்காமல், யாரைச் சந்தித்தாய், என்ன சமைத்தாய் என்று கேட்டால் அதுவே பெரிய உதவி.

தேநீரும் ஒரு சோதனை. எங்களுக்குக் காபி, தேநீர், மது, புகையிலை ஆகியவை விலக்கு. கோதாவரிக்கரையில் ஒரு முதியவர் வெயிலில் நடந்து வந்த எங்களை உட்கார வைத்து, அடுத்த வீட்டில் பால் கடன் வாங்கித் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். மறுத்தால் மனம் நோகும். என் துணை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'தாத்தா, மோர் இருந்தால் இரண்டு தம்ளர் குடிப்போம்' என்று தெலுங்கில் கேட்டார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் பகுதியில் முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டும் வழக்கம் இருக்கவில்லை. சபையினர் அறிமுகம் செய்தவர்களின் வீடுகளுக்கே சென்றோம். அதனால் பெரும்பாலும் விருந்தினராகவே நடத்தப்பட்டோம். அந்த வகையில் சப்போரோவுக்குச் செல்லும் பிள்ளைக்குப் பாதை கடினமானது.

தமிழர்கள் படிக்கும் களம் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இந்தச் சபையின் ஊழியக்காரர்கள் 1853-லேயே மதராசுக்கு வந்தார்கள். ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் குடும்பத்தை யூட்டாவில் விட்டுவிட்டுக் கப்பலில் வந்து இறங்கினார். வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர மாதக்கணக்காகும் காலம் அது. நான் சோர்ந்த நாட்களில் அவரை நினைத்துக்கொள்வேன்.

பதில்: நீலா

நான் கணவரின் ஆராய்ச்சிப் பணியை ஒட்டி, சப்போரோ இருக்கும் ஹொக்கைடோ தீவில் சில ஆண்டுகள் வாழ்ந்தவள். சபையோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஜப்பானில் இந்த ஊழியக்காரர்கள் இலவச ஆங்கில உரையாடல் வகுப்பு நடத்துவார்கள். அங்கே என் ஜப்பானியத் தோழிக்குத் துணையாகப் போய் இவர்களைப் பழகினேன்.

கயல், நீங்கள் கேட்டது சப்போரோ என்பதால் பனியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஜப்பானில் இவர்களைச் சைக்கிளில்தான் அதிகம் பார்க்கலாம். ஹொக்கைடோவில் குளிர்காலம் முழுவதும் சைக்கிள் ஓரம் கட்டப்பட்டுவிடும், நடைதான். மிதிபட்டுக் கண்ணாடி போல உறைந்த நடைபாதையில், கோட்டுக்கு உள்ளே வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாக இரண்டு பையன்கள் சிறு சிறு அடியாக வைத்து நடப்பதை எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து பார்ப்பேன். உள்ளூர்ப் பிள்ளைகளிடமிருந்து அந்த நடையைக் கற்றுக்கொள்ளும் வரை எல்லோரும் விழுவார்கள்.

அங்கே யாரும் கதவை அறைந்து சாத்துவதில்லை. கதவே திறப்பதில்லை. அழைப்பு மணிக்கு அருகில் உள்ள ஒலிபெருக்கியில் 'பரவாயில்லை, வேண்டாம்' என்று மிகவும் பணிவான குரல் வரும்; அவ்வளவுதான். ஒரு மாலை முழுவதும் ஒரு முகத்தைக் கூடப் பார்க்காமல் வீடு திரும்புவது வசவு வாங்குவதைவிட வருத்தம் தரும் என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். இது புதிதும் அல்ல. 1901-இல் இந்தச் சபையின் ஊழியத்தை ஜப்பானில் தொடங்கியவர், பின்னாளில் சபைக்கே தலைவரான ஹீபர் ஜே. கிராண்ட். அவர் இருந்த காலத்தில் சேர்ந்தவர்கள் மிகச் சிலர். 1924-இல் பணியே நிறுத்தப்பட்டு, போருக்குப் பிறகு 1948-இல்தான் மீண்டும் தொடங்கியது. எண்ணிக்கை குறைவாக இருப்பதற்குத் தான்தான் காரணம் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளாமல் இருக்க, இந்த வரலாற்றை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.

சேது அவர்கள் மோர் கேட்டதைப் போல, அங்கே பார்லித் தேநீர் இருக்கிறது. வறுத்த பார்லியில் போடுவது என்பதால் அது இவர்களுக்கு விலக்கல்ல. எங்கள் வகுப்பு நடந்த கூடத்தில், வயதான ஜப்பானியப் பெண்மணி ஒருவர் அதை ஒரு பெரிய குடுவையில் கொண்டுவந்து, இந்தப் பையன்கள் குடித்து முடிக்கும் வரை நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சபையில் சேரவில்லை. சேரும் எண்ணமும் இல்லை. ஆனால் வெளியூர்ப் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்று அவன் தாயிடம் சொல்லுங்கள்.

கயல்

மூவருக்கும் மிக்க நன்றி. இந்தப் பதில்களைச் சொல்லச் சொல்லக் கேட்ட அவனுடைய தாய், இதுவரை என்னிடம் பேசாத ஒரு பயத்தை வெளியிட்டார். நடுவில் முடியாமல் போய் அவன் திரும்பி வந்துவிட்டால் தெருவில் என்ன பேசுவார்கள் என்பதுதான் அது. உடல்நலத்தைவிடப் பேச்சுக்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அப்படி வருவது அரிதா?

பதில்: சேது

அரிதல்ல, சகோதரி. உடல்நோய், மனச்சோர்வு, பதற்றம், விசுவாசத்தில் ஏற்படும் ஐயம், விதி மீறல் என்று பல காரணங்களால் முன்கூட்டியே திரும்புகிறார்கள். அந்தப் பயமும் உண்மையானது. எங்கள் சபையில் ஆண்களுக்கு ஊழியம் ஒரு கடமையாகச் சொல்லப்படுகிறது. பெண்களுக்கு அது விருப்பம். ஆகவே ஓர் இளைஞன் இடையில் திரும்பினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே 'ஏன் வந்துவிட்டாய்?' என்ற கேள்வி வாயாலோ கண்ணாலோ கேட்கப்படும். இது எங்களிடையே உள்ள குறை. இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. எங்கள் கிளையில் அப்படித் திரும்பிய ஒரு தம்பி, கூட்டம் முடியும் முன்பே எழுந்து போய்விடுவதைப் பல மாதங்கள் பார்த்தேன். அவனை ஒரு சகோதரர் ஒவ்வொரு வாரமும் கிரிக்கெட் விளையாட அழைத்துப் போனார். ஊழியத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவன் பேசத் தொடங்கியது அங்கேதான்.

முன்பைவிட இப்போது வழிகள் அதிகம். பகுதித் தலைவரிடம் சொன்னால் மனநல ஆலோசகரோடு பேச ஏற்பாடு செய்கிறார்கள். வெளியூரில் இருக்க இயலாதவர்கள் வீட்டில் தங்கிக்கொண்டே உணவு வங்கி போன்ற இடங்களில் சேவை ஊழியம் செய்யவும் அழைக்கப்படுகிறார்கள். ஆனால் அவன் வாய் திறந்து சொன்னால்தான் எதுவும் நடக்கும். 'முடியவில்லை என்றால் எங்களிடம் சொல், வீடு திறந்தே இருக்கிறது' என்று விமானம் ஏறும் முன்பே பெற்றோர் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என் தந்தை எனக்கு அப்படிச் சொன்னார். சொன்னதாலேயே கடைசி வரை இருக்க முடிந்தது என்று நம்புகிறேன்.

பதில்: தென்றல்

சேது சொன்னதோடு நடைமுறையில் ஒன்று. புறப்படும் வரை இருக்கும் வாரங்களில் அந்தப் பையனை உங்கள் சமையலறையிலேயே நிறுத்தி, சோறு வடிப்பது, முட்டைப் பொரியல், ஒரு பருப்பு, ஒரு காய் ஆகியவற்றைக் கற்றுக்கொடுங்கள். ஜப்பானில் அரிசிக்குக் குறைவில்லை. சட்டைக் கழுத்தில் படியும் அழுக்கைத் துவைக்கும் முன் சோப்புப் போட்டுத் தேய்க்கவும் காட்டிக்கொடுங்கள். அவனிடம் இருக்கப்போவது பெரும்பாலும் வெள்ளைச் சட்டைகள்தான்.