புரோகிராமர்: நிரலரா, இருதட நேர ஆளியா?

> நாம் தமிழாக்கும் பிரிட்டன் வெப்பமூட்டல் கையேட்டில், பாய்லரை நேரப்படி இயக்கச் சுவரில் மாட்டும் ஹீட்டிங் டைமருக்கு ‘நேரங்காட்டி’ போதுமே?

போதாது ஐயா. நேரங்காட்டி நேரத்தைக் காட்டுவதோடு நின்றுவிடும். இந்தக் கருவி குறித்த நேரத்தில் மின்சுற்றை இணைக்கிறது, துண்டிக்கிறது. திறந்தால் ஒரு கடிகாரச் சில்லும் ஒன்றிரண்டு ரிலேக்களும்தான் இருக்கும். சுவிட்சுக்கு இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘ஆளி’யைச் சேர்த்து ‘நேர ஆளி’ என்போம்.

புரோகிராமருக்கு ‘நிரலர்’ என்பதை ஏற்க முடியவில்லை. நிரலர் மென்பொருள் எழுதும் ஆள். வெப்பமூட்டலுக்கும் வெந்நீருக்கும் தனித்தனி ஆளிகள் ஒரே பெட்டியில் இருந்தால் பிரிட்டனில் அது புரோகிராமர். ஆகவே இரண்டு தடங்கள் (சேனல்கள்) கொண்ட ‘இருதட நேர ஆளி’.

எனக்கு அதைவிடக் கவலை தருவது முனையங்களின் பெயர். பெட்டியைத் தாங்கிச் சுவரில் இருக்கும் அங்குள்ள வழக்கமான பின்தட்டில் நொதுமல் (நியூட்ரல்), உயிர் (லைவ்) இரண்டும் போக நான்கு எண்கள்: 1 வெந்நீர் ஆஃப், 2 வெப்பமூட்டல் ஆஃப், 3 வெந்நீர் ஆன், 4 வெப்பமூட்டல் ஆன். ‘வெந்நீர் ஆஃப்’ என்பதை ‘வெந்நீர் நிறுத்தம்’ என்று எழுதினால், அதில் மின்சாரம் இராது என்றே படிப்பவர் நினைப்பார். உண்மை நேரெதிர்: வெந்நீர் நின்றிருக்கும்போதுதான் 1-இல் 230 வோல்ட் வரும். சூடான நீரை ரேடியேட்டர்களுக்கோ வெந்நீர்ச் சிலிண்டருக்கோ இரண்டுக்குமோ திருப்பும் மூவழி வால்வு உள்ள அமைப்பில் அதுவே வால்வின் சாம்பல் கம்பிக்குப் போகிறது. அதை இணைக்காமல் விட்டால், வெப்பமூட்டலை மட்டும் போடும்போது வால்வு நடுநிலையிலேயே நின்றுவிடும், பாய்லரை இயக்கும் ஆரஞ்சுக் கம்பிக்கு மின்சாரம் வராது, பாய்லர் எரியாது. வெந்நீரையும் சேர்த்துப் போட்டால் மட்டும் வீடு சூடாகும். ‘மறுநிலை முனை’ என்று எழுதலாமா?

——

> மறுநிலை முனை என்று எழுதலாமா?

எழுதலாம். ‘ஓய்வுமுனை’ என்று நினைத்தேன். ஓய்வு என்றாலும் மின்சாரம் இல்லை என்றே தோன்றும், விட்டுவிட்டேன்.

பழைய பெட்டியை மாற்றும் முறையைச் சொல்லும் பகுதியில் ‘மின்சாரத்தை அணைக்கவும்’ என்று மட்டும் இருக்கிறது. அமைப்பு முழுவதற்குமான ஆளியை அணைத்து, அதன் 3 ஆம்பியர் உருகியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இருமுனைச் சோதனைக் கருவியால் பார்க்கவேண்டும். நியான் டெஸ்டரை நம்பக்கூடாது. பெட்டியின் அடியிலுள்ள இரு திருகுகளைத் தளர்த்தி, கீழ்ப்புறத்தை வெளியே இழுத்து மேலே தூக்கினால் கழன்றுவரும். கம்பியைப் பிடுங்குமுன் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் முனையின் எண்ணை ஒட்டவும். எல்லா நிறுவனங்களும் ஒரே வரிசையில் எண்ணிடுவதில்லை. இடத்தைப் பார்த்து மாற்றினால் வெந்நீரும் வெப்பமூட்டலும் தடம் மாறிவிடும்.

நிறத்தை வைத்து கம்பிக்குப் பெயரிடவே வேண்டாம் என்பேன். பிரிட்டனில் 2006 ஏப்ரலுக்கு முந்தைய வயரிங்கில் கறுப்பு பெரும்பாலும் நொதுமல். புதிய கேபிளில் அதே கறுப்பு உயிர்க்கம்பியாக இருக்கலாம். பச்சை-மஞ்சள் மட்டும் எங்கும் புவிக்கம்பி. பெட்டிக்கு அது தேவையில்லாவிட்டாலும் வெட்டிவிடாமல் பின்தட்டில் அதற்கான தனி முனையில் முடுக்கவும்.

பெட்டியின் பின்புறம் உள்ள, அமைப்பின் வகையைத் தேரும் சிறு ஆளிக்கும் சொல் வேண்டும். ஒரு பக்கம் பம்பு. மறுபக்கம் சூடான நீர் தானே மேலேறிச் சிலிண்டருக்குப் போகும் பழைய முறை. அதைத் ‘தன்னோட்டம்’ என்கிறேன். ஆளி அந்தப் பக்கம் இருந்தால் வெப்பமூட்டலைத் தனியாகப் போடவே முடியாது, வெந்நீரும் கூடவே ஓடும். பெட்டி பழுது என்று திருப்பி அனுப்புமுன் இதைப் பார்க்க வேண்டும்.

‘வோல்ட்-ஃப்ரீ’க்கு ‘மின்னழுத்தமற்ற’ என்ற சொல்லையும் மாற்றுங்கள். பெட்டியின் மின்சாரத்தோடு சேராமல் தனியாக இணைத்துத் துண்டிக்கும் முனை என்பதால் ‘தனித்த தொடுமுனை’ சரியாக இருக்கும். குறைந்த மின்னழுத்தக் கட்டுப்பாடு கொண்ட பாய்லருக்கு ஒருதட நேர ஆளி பொருத்தும்போது, உயிர்முனைக்கும் பொதுமுனைக்கும் நடுவேயுள்ள இணைப்புத் துண்டை எடுத்தேயாக வேண்டும். விட்டுவைத்தால் 230 வோல்ட் நேராகப் பாய்லரின் மின்பலகைக்குள் போய்விடும்.