பென்ஷனுக்கு முன் சாமான் குறைப்பு, பழந்துவக்குச் சேகரிப்பு: இரண்டும் ஒத்துவருமா?

கொழும்பு06:
அடுத்த வருடம் பென்ஷன். வெள்ளவத்தை வீட்டை விட்டுத் தெஹிவளையில் இரண்டு அறைத் தொடர்மாடிக்கு மாறுகிறோம். தளபாடங்களைக் கொடுத்தாயிற்று. லைசன்ஸ் உள்ள பழைய ஆங்கிலேய 12 போர் (bore, குழல் விட்ட அளவு) இரட்டைக்குழல் துவக்கு ஒன்று நிற்கிறது. அதை விற்பதா? பழந்துவக்குச் சேகரிப்பை விடவும் மனமில்லை.

இரட்டைக்குழல்:
ஐயா, குழலைக் கழற்றி, அடியில் தட்டையான இடத்திலுள்ள சோதனை முத்திரைகளை முதலில் படமெடுங்கள். 'நைட்ரோ' முத்திரை (புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த அடையாளம்) இல்லையென்றாலோ, குழலில் முறுக்குக் கோலம் தெரிந்தாலோ (அது டமாஸ்கஸ், இரும்புப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த குழல்) சுடுவதை மறந்துவிடுங்கள். குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளமும் முக்கியம். பழையவற்றில் பெரும்பாலும் 65 மி.மீ.தான். இன்றைய 70 மி.மீ. தோட்டாவும் தடையில்லாமல் உள்ளே போகும், ஏனென்றால் அந்த அளவு தோட்டாவின் மடித்த வாய் விரிந்த பிறகு எடுப்பது. வெடிக்கும்போது விரியும் வாய் குழல் ஒடுங்கும் இடத்தை அடைக்க, அழுத்தம் எகிறும். ஆபத்து அங்கேதான். விற்பதானால் பொலிஷ் போடவே வேண்டாம். முத்திரை தேய்ந்தால் விலையும் இறங்கும்.

கடற்கரைவீதி:
கறள்தான் உங்கள் பெரிய பிரச்சினை. உறைக்குள் வைத்து மூடினால் தோலும் பஞ்சும் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டி வைத்திருக்கும். சுவரோடு போல்ட் அடித்த இரும்பு அலுமாரி, உள்ளே ஈரப்பதமானி, 45–55 சதவீதம். அதற்குக் கீழே போனால் துவக்கின் மரக்கட்டை வெடிக்கும். ஈரம் உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் ஓவன் அடுப்பில் 110–120 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று மணித்தியாலம் காயவிடுங்கள். இரும்புக்கு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மெல்லிதாகப் போதும். எண்ணெயை அள்ளிப் பூசினால் வடிந்து கட்டையின் தலையில் ஊறி மரத்தை நொய்யச் செய்யும். அதனால் குழல் வாய் கீழே இருக்க நிறுத்துங்கள்.

பழஞ்சாமான்:
லைசன்ஸ் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. வீடு மாறுமுன் புதிய முகவரியைப் பொலிஸுக்கும் லைசன்ஸ் அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்துப் பிரதி வையுங்கள். விற்றாலும் அனுமதியுள்ளவருக்கு மட்டும், அலுவலகம் வழியாக. 'பழசு, சுடாது, லைசன்ஸ் தேவையில்லை' என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருட்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அவற்றை அனுமதியின்றி அனுப்ப முடியாது. இடப்பக்கப் பூட்டுள்ள (பூட்டு என்பது சுடும் பொறி) கண்டித் துவக்குகளைத் தேசிய நூதனசாலையில் பார்த்து ரசிக்கலாம்.

சேகரிக்கத் துணைப்பொருட்களே நல்லது என்பது என் எண்ணம். ஷெஃபீல்டின் ஜேம்ஸ் டிக்ஸன், ஹாக்ஸ்லி நிறுவனங்களின் வெடிமருந்துக் குடுவைகள், குண்டு வார்க்கும் அச்சு, பழைய விலைப்பட்டியல். எல்லாம் ஒரு லாச்சிக்குள் அடங்கும். குடுவையில் பக்க ஒட்டு பிளந்திருக்கிறதா, தலையிலுள்ள வில் (ஸ்பிரிங்) உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொழும்பு06:
நன்றி. துவக்கின் பழைய தோல் பெட்டியைக் கொடுத்துவிடவா?

பழஞ்சாமான்:
வேண்டாம் ஐயா! மூடிக்குள் ஒட்டிய லேபிளில் உள்ள கடை முகவரியை வைத்தே செய்த காலத்தை நெருங்கலாம். துவக்கில்லாமல் வெறும் பெட்டியாக, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள்.