அப்பாவின் நீர் மாத்திரையும் இளநீரும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. இதயம் பலவீனமாக இருப்பதால் ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை 25 மி.கி., கூடவே பிரஷருக்கும் இதயத்துக்குமான எனலாப்ரில் சாப்பிடுகிறார். கால் வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது. செருப்பு வார் பதிந்த தடம்கூட இப்போது விழுவதில்லை.

ஆனால் போன வாரம் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.6. ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். டாக்டர் நீர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டு, "என்னென்ன சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீர் மாத்திரை என்றாலே சத்தெல்லாம் சிறுநீரில் போய்விடும் என்று பயந்து, பொட்டாசியம் நிறைந்த இளநீரும் வாழைப்பழமும் தினமும் நான்தான் கொடுத்தேன். ஃப்யூரோசெமைடு என்ற வேறொரு நீர் மாத்திரைதான் பொட்டாசியத்தை வெளியேற்றும். அப்பாவின் ஸ்பைரனோலாக்டோனோ அதை உடம்பிலேயே நிறுத்தி வைக்கும். எனலாப்ரிலும் அப்படித்தான். பிரஷருக்கு நல்லது என்று வாங்கிய சோடியம் குறைந்த உப்பு பாக்கெட்டின் பின்னால், பொடி எழுத்தில் 'பொட்டாசியம் குளோரைடு'! மூட்டுவலிக்கு அப்பா அவ்வப்போது போட்ட டைக்ளோஃபினாக்கும் சிறுநீரகத்தைப் பாதித்துப் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியதாம்.

சரி, இளநீர், வாழைப்பழம், அந்த உப்பு, வலி மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். பொட்டாசியம் குறையட்டும் என்று காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கிறேன். சாம்பார் சப்பென்று இருக்கிறது. கீரை இல்லாமல் அவர் சோற்றையே தொடுவதில்லை. நீங்கள் எப்படிச் சமைக்கிறீர்கள்? மூட்டுவலிக்கு வலி மாத்திரை இல்லாமல் எது கைகொடுத்தது? வியாழக்கிழமை மறுபடி பரிசோதனை. மருந்தை நாங்களாக மாற்ற மாட்டோம். டாக்டரிடம் வேறு என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.