கெண்டோ கட்டளைகள்: சொல் புரிந்தால் கால் தடுமாறாது

ஓசூர்க்காரன்:
ஓசூரில் ஜப்பானிய வாள்பயிற்சியான கெண்டோ பழக ஆரம்பித்திருக்கிறோம், பாதிப் பேர் சிலம்பம் தெரிந்தவர்கள். கட்டளை எல்லாம் ஜப்பானிய மொழியில். எப்போது குனிவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் செய்கிறோம், ஒரு நொடி பிந்திவிடுகிறது. அகராதி வேண்டாம். எந்தச் சொல்லுக்கு உடம்பு என்ன செய்யணும், தமிழ் வாயில் எது பிசகும், இரண்டும் சொல்லுங்கள். மொட்டைமாடி சிமெண்டுத் தரையில் தனியாகப் பழகலாமா?

தென்பெண்ணை:
ஜப்பானியத்திலும் தமிழ்போலச் செயல் கடைசியில்தான் வரும். "நி" என்பது நம் "-க்கு". "ஷோமென் நி ரெய்" என்றால் முன்புறத்துக்கு வணக்கம். "சென்சேய் நி ரெய்" ஆசிரியருக்கு, "ஒதகாய் நி ரெய்" ஒருவருக்கொருவர். முதல் சொல்லில் யாருக்கென்று பிடித்துக்கொண்டு, "ரெய்" காதில் விழுந்ததும் குனியுங்கள். பிந்தாது.

"செய்சா" என்றால் மண்டியிட்டு அமர்வது. இடது முழங்கால் முதலில் தரையில் படணும், எழும்போது வலது பாதம் முதலில். இடுப்பில் வாள் இருப்பதாக எண்ணியே எல்லாம் நடக்கிறது. வலது கால் முன்னே இருந்தால்தான் உருவ வரும். "மொகுசோ" (மௌன தியானம்) வந்தால் வலது உள்ளங்கைமேல் இடது கையை வைத்துக் கண்ணை லேசாக மூடுங்கள், "யமே" (நிறுத்து) வரை.

ஜோடி சேரும்போது ஒன்பது அடி எடுத்துவைக்கும் தூரத்தில் நின்று, எதிராளியின் கண்ணைப் பார்த்தபடி சுமார் 15 பாகை குனியணும். ஷினாயை, அதாவது மூங்கில் வாளை, இடது இடுப்புக்குக் கொண்டுவந்து, வலது காலில் தொடங்கி மூன்று அடி. மூன்றாவதில் உருவிக்கொண்டே "சோன்க்யோ" என்ற குந்தல். குதிகால் தூக்கி, முட்டி விரிந்து, முதுகு நேராக. குதிகாலைத் தரையில் பதித்தால் பின்னால் சாய்வீர்கள். புதியவர்கள் தள்ளாடுவது இதனால்தான்.

பாரூர் ஏரி:
உச்சரிப்பில் மாத்திரைதான் பிரச்சினை. எண் ஒன்றும், "கி-கென்-தாய்-இச்சி" என்ற கெண்டோக் கோட்பாட்டின் கடைசிச் சொல்லும் தமிழில் எழுதினால் ஒன்றேபோல "இச்சி". ஆனால் எண்ணுக்கு இரண்டு தட்டு, மற்றதற்கு மூன்று. கையில் தாளம் போட்டுப் பழகுங்கள். ஷினாய் மூங்கில் வாள், ஷியாய் போட்டி. இதையும் குழப்புவார்கள். மணிக்கட்டுக் கவசமான "கொதெ"யில் இரண்டும் குறில், "கோதே" என்று இழுக்கக் கூடாது. மார்புக்கவசம் "டோ" நெடில். கெண்டோவின் கடைசி டோவும் ஒலியில் அதுவே, எழுத்தும் பொருளும் வேறு. அது "வழி".

மென் (தலை), கொதெ, டோ என்று அடிக்கும் இடத்தின் பெயரை அடிக்கும்போதே உரக்கச் சொல்லணும். குரல், வாள், பாதம் மூன்றும் ஒரே கணத்தில் சேர்வதுதான் கி-கென்-தாய்-இச்சி. அடித்துவிட்டுப் பிறகு கத்தினால் "இப்போன்" என்ற புள்ளி கிடைக்காது. அடித்த பிறகும் விழிப்போடு நிற்கும் "ஸன்ஷின்" இல்லாவிட்டாலும் அப்படியே.

ராயக்கோட்டை:
சிமெண்டுத் தரையில் "ஃபுமிகோமி" வேண்டவே வேண்டாம். வலது பாதத்தை ஓங்கி அறையும் அடி அது, மரத்தளத்துக்கானது. குதிகால் போய்விடும். மாடியில் "சுரியாஷி" மட்டும் பழகுங்கள், தரையை உரசி நகரும் நடை. இடது கால்விரல் நுனி வலது குதிகாலுக்கு நேரே, நடுவே ஒரு முஷ்டி அகலம், இடது குதிகால் சற்றுத் தூக்கி.

சிலம்பக்காரர்கள் வலது கையால் இறுக்கிவிடுவார்கள். இங்கே இடது கைதான் பிடி, வலது கை வழிகாட்ட மட்டும்.

முக்கியமாக, ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஷினாயின் நான்கு மூங்கில் பட்டைகளையும் தடவிப் பாருங்கள். நம்ம பக்கத்து வறண்ட காற்றில் சிலாம்பு கிளம்பும். அது எதிராளியின் முகக்கவசக் கம்பிக்குள் புகுந்தால் கண் போய்விடும். சிறு சிலாம்பை உப்புத்தாளால் தேய்க்கலாம், பட்டை விரிசல் விட்டிருந்தால் மாற்றியே ஆகணும். நடுவே கட்டும் தோல்பட்டை "நகாயுய்", நுனியிலிருந்து ஷினாயின் மொத்த நீளத்தில் சுமார் கால்பங்கில் இருக்கணும். நுனியிலிருந்து பிடிவரை ஓடும் கயிறு இருக்கும் பக்கம் வாளின் முதுகு, அடி விழுவது அதற்கு எதிர்ப்பக்கம். கயிறு பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அந்த அடி செல்லாது. பெரியவர்களுக்கு 39-ம் எண் ஷினாய், நீளம் 120 செ.மீ.க்கு மிகாமல். எடை ஆண்களுக்குக் குறைந்தது 510 கிராம், பெண்களுக்கு 440.

ஓசூர்க்காரன்:
நன்றி அண்ணா. கிரிகயேஷி என்ற தொடர் அடிப் பயிற்சியில் எண்ணிக்கை தப்புகிறதே?

ராயக்கோட்டை:
நேர் மென் ஒன்று. பிறகு இடவலமாக முன்னே நான்கு, பின்னே ஐந்து. முதலடி எதிராளியின் இடப்பக்கத் தலையில். மறுபடி நேர் மென், நான்கு, ஐந்து, கடைசியாக நேர் மென். பின்னே போகும்போது நான்கிலேயே நிறுத்திவிடுவதுதான் வழக்கமான பிழை. வாய்விட்டு எண்ணாமல் கால் எண்ணட்டும், வாய் "மென்" சொல்லணும்.